சோடியத்தை ‘லேப் சாமான்’ என்று எழுதி ஓம்னி பஸ்ஸில் போடலாமா?

மாசிவீதிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்களுக்குச் சின்னக் கடை. அப்பா காலத்திலிருந்து பள்ளிக்கூட, கல்லூரி லேப்புகளுக்குக் கண்ணாடிச் சாமான், ஆசிட், உப்பு வகைகள் கொடுத்து வருகிறோம். நான் முழுநேரமாக உட்கார்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேனிப் பக்கம் ஒரு கல்லூரியிலிருந்து சோடியம் உலோகம் 500 கிராம் பாட்டில் நான்கு கேட்டிருக்கிறார்கள். மற்ற சாமானெல்லாம் எப்போதும் பார்சல் ஆபீஸில் போட்டுவிடுவோம், மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்துவிடும். இதையும் அப்படியே பெட்டி கட்டிக் கொண்டுபோனேன். புக்கிங்கில் இருந்தவர் பில்லைப் பார்த்துவிட்டு, “சோடியம்னு போட்டா எடுக்க மாட்டோம்ண்ணே, ‘லேப் சாமான்’னு எழுதிக் கொடுங்க, ராத்திரி ஓம்னி பஸ் டிக்கியில ஏத்தி விட்டுறலாம்” என்றார். எழுதவும் மனசு வரவில்லை, திரும்பி வரவும் மனசு வரவில்லை. இப்போதைக்குப் பெட்டி கடையிலேயே இருக்கிறது. வெளியே மழை வேறு பிடித்துக்கொண்டது.

அப்பாவைக் கேட்டால், “நாங்க அந்தக் காலத்துல சைக்கிள்லயே கொண்டு போயிருக்கோம், மண்ணெண்ணெய்க்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாது” என்கிறார். பாட்டிலில் மண்ணெண்ணெய் நிறைய இருக்கிறது, மூடியும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. நன்றாகப் பேக் செய்து அனுப்பினால் போதாதா? நிஜமாகவே எவ்வளவு ஆபத்து? இன்னொன்று, கடைசி அலமாரியில் பழைய பாட்டில் ஒன்று கிடக்கிறது, மண்ணெண்ணெய் பாதிக்கும் கீழே போய்விட்டது. அதில் புது மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால் சரியாகிவிடுமா?

நாற்கரச்சாலை:

தம்பி, முதலில் அந்தப் பெட்டியை ஓம்னி பஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் பட்டாலே தீப்பிடிக்கிற சாமான் அது. இருபது வருஷம் லாரி, அதில் எட்டு வருஷம் கெமிக்கல் லோடு ஓட்டியவன் சொல்கிறேன்.

மாட்டுத்தாவணியிலிருந்து ராத்திரி கிளம்பும் பஸ்ஸின் டிக்கியை ஒருமுறை குனிந்து பாருங்கள். மல்லிகைப்பூ தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டுப் போகும். கிலோ கணக்கில் ஐஸ் என்றால் நடுவழியில் அது கிலோ கணக்கில் தண்ணீர். சில நாள் மீன் பெட்டியும் ஏறும், டிக்கி தரையில் எப்போதும் ஒரு விரல் தண்ணீர் நிற்கும். அதன்மேல்தான் உங்கள் அட்டைப்பெட்டியை வைப்பார்கள், ஊறிப்போன அட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? லோடுமேன் ‘மேல்பக்கம்’ என்று அம்புக்குறி போட்டிருக்கிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டான், பெட்டி எந்தப் பக்கம் பிடிக்க வாகோ அந்தப் பக்கம்தான் மேல்பக்கம். அதற்கு நேர் மேலே ஸ்லீப்பரில் நாற்பது பேர் தூங்கிக்கொண்டு போவார்கள்.

இனி விதி. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129லிருந்து 137 வரை முழுக்க இந்த மாதிரிச் சரக்குக்குத்தான். அனுப்புகிறவர் என்ன பொருள், என்ன ஆபத்து, விபத்தானால் என்ன செய்ய வேண்டும் என்பதை வண்டிக்காரருக்கு முழுசாகச் சொல்லியாக வேண்டும், அது 131வது விதி. ஆக ‘லேப் சாமான்’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வது புக்கிங் கிளார்க் இல்லை, நீங்கள். டிரைவர் கேபினில் ட்ரெம் கார்டு இருக்க வேண்டும். என்ன சரக்கு, தீப்பிடித்தால் எதைப் போட வேண்டும், எதைப் போடக் கூடாது என்றெல்லாம் எழுதிய அட்டை அது. டிரைவருக்கு மூன்று நாள் தனிப் பயிற்சி, லைசென்ஸில் அதற்கான பதிவு. வண்டிக்கு வெளியே பொருளின் பெயர், நான்கு இலக்க ஐ.நா. எண், ஆபத்துக் குறி, அவசரத்துக்குக் கூப்பிடப் போன் நம்பர். சோடியத்துக்கு எண் 1428. குறி நீல நிறச் சாய்சதுரம், உள்ளே நெருப்புப் படம், கீழே 4 என்று இருக்கும். வகை 4.3, அதாவது தண்ணீர் பட்டால் எரியும் வாயு விடுகிற சாமான். வேறு சில கெமிக்கலுக்குக் கொஞ்சமாக அனுப்பினால் இந்தக் கெடுபிடியில் சலுகை உண்டு, ஐ.நா. பட்டியலில் சோடியத்துக்கு அந்தச் சலுகை அளவு பூஜ்யம். பயணிகள் விமானத்திலும் இடம் கிடையாது.

ரயில் பார்சல் என்று யோசித்தால் அதையும் விடுங்கள். ரயில்வே சட்டம் 164வது பிரிவில் மூன்று வருஷம் வரை ஜெயில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி விடிகாலை நம் ஸ்டேஷன் பக்கத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து ஒன்பது பேர் போனார்களே, அது யாரிடமும் சொல்லாமல் உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான். சிலிண்டர் இருக்கிறது என்று வெளியில் யாருக்கும் தெரியாது.

பழைய ஃபயர்மேன்:

மேலே தம்பி சொன்னது எல்லாம் சரி. நான் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், ஊர் திருமங்கலம். எனக்கு அந்த ‘லேப் சாமான்’ என்கிற இரண்டு வார்த்தைதான் வயிற்றைக் கலக்குகிறது.

எப்படி என்றால், பஸ் டிக்கியில் புகை வருகிறது என்று வையுங்கள். முதலில் கிளீனர் என்ன செய்வார்? குடிக்க வைத்திருக்கும் தண்ணீர் கேனைத் தூக்கி ஊற்றுவார். பக்கத்து டீக்கடைக்காரர் வாளியோடு ஓடி வருவார். யாரையும் குறை சொல்ல முடியாது, நம் ஊரில் தீ என்றால் தண்ணீர், பிறந்ததிலிருந்து அதுதான் பழக்கம். அப்புறம் எங்கள் வண்டி வரும். பில்லில் ‘லேப் சாமான்’ என்று இருந்தால் நாங்களும் ஹோஸைத்தான் பிடிப்போம். நீலக் குறி ஒட்டியிருந்தால், 1428 என்று ஒரு எண் இருந்தால், பத்தடி தள்ளி நின்று யோசிப்போம். அந்தக் குறி முக்கியமாக வாளியோடு ஓடி வருகிறவனுக்காகத்தான் ஒட்டுவது. ஆர்.டி.ஓ.வுக்காக என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு ஆபத்து என்று கேட்டீர்கள், கணக்கு போட்டே பார்க்கலாம். ஒரு 500 கிராம் பாட்டில் சோடியம் முழுக்க வினைபுரிய 400 மில்லி தண்ணீர்கூட வேண்டாம், ஒரு சின்ன வாட்டர் பாட்டிலில் இருப்பது போதும். அதிலிருந்து வருவது ஏறக்குறைய 270 லிட்டர் ஹைட்ரஜன். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே ஹைட்ரஜன் பற்றும், பற்றவைக்கத் தனியாகத் தீப்பொறியும் வேண்டாம், அந்த வினையின் சூடே போதும். உங்களிடம் இருப்பது நான்கு பாட்டில். கூடவே மண்ணெண்ணெய். அது சோடியத்தைக் காற்றிலிருந்து காப்பாற்றுகிறது, ஆனால் தீ என்று வந்துவிட்டால் அதுவும் எரிபொருள்தானே. புகையும் சும்மா புகை இல்லை, காரப் புகை, கண்ணையும் தொண்டையையும் அரித்துவிடும்.

கடையில் என்ன தீயணைப்பான் வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் ஏ.பி.சி. பவுடர் இருக்கும், இல்லையென்றால் கார்பன் டை ஆக்சைடு. இரண்டும் இதற்கு ஆகாது. எரிகிற சோடியம் கார்பன் டை ஆக்சைடோடும் வினைபுரியும். நுரை என்றால் அது தண்ணீர்தான், கேட்கவே வேண்டாம். உலோகத் தீக்கென்று டி வகைப் பவுடர் தனியாக வருகிறது. அது வாங்குகிற வரை உலர்ந்த சோடியம் கார்பனேட், அல்லது ஈரமில்லாத உப்பு, அல்லது உலர்ந்த மணல், ஒரு டின் நிறைய மூடி வையுங்கள். அள்ளி வீசாதீர்கள், எரிகிற துண்டு சிதறும், மெதுவாக மேலே கொட்டி மூட வேண்டும்.

மணல் என்றதும் வாசலில் சிவப்பு வாளியில் தொங்குகிறதே அதை நினைக்காதீர்கள். ஐப்பசி மழையில் நனைந்து, பாதி வாளியில் பீடித் துண்டும் வெற்றிலை எச்சிலும் கிடக்கும். ஈர மணலைக் கொட்டினால் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம். வறுகடலை வண்டிக்காரர் கடாயில் மணலைச் சூடேற்றி வைத்திருப்பாரே, அந்த மாதிரி வறுத்து ஆற வைத்து இறுக்கமான மூடி போட்ட டின்னில் வையுங்கள். இது லித்தியத்துக்குப் பொருந்தாது, அதற்கு மணலே ஆகாது, ஆனால் நீங்கள் லித்தியம் விற்பதாகச் சொல்லவில்லை.

லேப் அக்கா:

கல்லூரி வேதியியல் லேப்பில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். போக்குவரத்தைப் பற்றி அண்ணன்மார் இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். நான் கையாளுவதைப் பற்றி.

முதலில் ஒரு கேள்வி, அந்தக் கல்லூரிக்கு எதற்கு இரண்டு கிலோ? இளங்கலைப் பையன்கள் கரிமச் சேர்மத்தில் நைட்ரஜன், சல்பர், ஹாலோஜன் கண்டுபிடிக்க லாசைன் சோதனை செய்வார்கள், சோடியத்துக்கு முக்கால்வாசி வேலை அதுதான். ஒரு பையனுக்கு ஒரு பட்டாணி அளவுத் துண்டு, அதற்கும் குறைவாகவே போதும். ஒரு பாட்டில் வாங்கினால் எங்களுக்கு வருஷக்கணக்கில் வரும். போன வருஷத்து இண்டெண்டை, அதாவது தேவைப் பட்டியலை, அப்படியே காப்பி அடித்து அனுப்பியிருப்பார்கள், போன் போட்டுக் கேளுங்கள். கம்மியாக வாங்கினால் கம்மியாகத்தான் பயப்பட வேண்டும்.

எங்கள் லேப்பில் நடந்ததைச் சொல்கிறேன். சோடியத்தை வெட்டிவிட்டு மண்ணெண்ணெயை ஒற்றி எடுக்க வடிதாள் வைப்போம். ஒரு பையன் அந்தத் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டான். அதில் கடுகளவு துணுக்கு ஒட்டியிருந்திருக்கிறது. கூடையில் ஏற்கெனவே யாரோ கை துடைத்த ஈரத்தாள். ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம், அப்புறம் கூடை முழுக்கத் தீ. நல்லவேளை, சிமெண்டுத் தரை, சுற்றி ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து சோடியம் பட்ட தாளுக்குத் தனி டின், அதில் கொஞ்சம் ஸ்பிரிட். துணுக்கெல்லாம் அதில் மெதுவாகக் கரைந்து முடியும். புகையை வெளியே உறிஞ்சித் தள்ளும் ஃப்யூம் ஹூடுக்குள் வைத்துத்தான் செய்வோம், பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது, ஏனென்றால் அப்போதும் ஹைட்ரஜன் வரும், அதோடு ஸ்பிரிட்டே பற்றக்கூடியது. எல்லாம் அடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர்.

அடுத்தது வியர்வை. சித்திரை மாதம் மதுரையில் ஃபேன் கீழே நின்றாலே கை பிசுபிசு என்று இருக்கும். அந்தக் கையால் தொட்டால் அதுவே தண்ணீர். காய்ந்த இடுக்கி, காய்ந்த கத்தி, கண்ணாடி கட்டாயம். தோலில் ஒட்டிக்கொண்டால் உடனே குழாயடிக்கு ஓடாதீர்கள், முதலில் காய்ந்த இடுக்கியால் துண்டை எடுத்துவிட்டு அப்புறம் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். அந்த வரிசை மாறினால் கையிலேயே எரியும்.

2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழக லேப்பில் 23 வயதுப் பெண், காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் பியூட்டைல் லித்தியத்தைச் சிரிஞ்சில் எடுக்கும்போது பிஸ்டன் கழன்று மேலே கொட்டிவிட்டது. போட்டிருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர், லேப் கோட் இல்லை. பதினெட்டு நாள் கழித்து இறந்துபோனாள். அதனால்தான் நைலான் சேலையோடு யாரும் எங்கள் லேப்புக்குள் வர முடியாது. திட்டுவார்கள், பரவாயில்லை.

இனி உங்கள் பழைய பாட்டில். நீங்கள் கடைசி வரியில் சாதாரணமாகக் கேட்டுவிட்டீர்கள், எனக்கு அதுதான் முதல் வரியாகத் தெரிகிறது. அது சோடியம்தான் என்று நிச்சயமாகத் தெரியுமா? லேபிள் இருக்கிறதா?

சிவகாசிப் பக்கம்:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் சோடியம் கிடையாது, ஆனால் இதே வீட்டுப் பிள்ளை ஒன்று எல்லாப் பட்டாசு ஆலையிலும் உண்டு, அலுமினியப் பவுடர். பூச்சு இல்லாத பவுடர் என்றால் அதுவும் இந்த 4.3 வகைதான், எண் 1396. பூச்சுள்ளது 1309, வகை 4.1, அதாவது எளிதில் தீப்பிடிக்கிற திடப்பொருள். பார்க்க இரண்டும் ஒரே வெள்ளிப் பொடி. ஈரம் பட்டால் சோடியம் மாதிரி உடனே ‘படார்’ என்று காட்டாது, அதனாலேயே ஆட்கள் ஏமாறுகிறார்கள். உள்ளுக்குள்ளே சூடேறிக்கொண்டே இருக்கும், ஹைட்ரஜன் விட்டுக்கொண்டே இருக்கும். கலந்த மருந்தை மிச்சம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது அதற்குத்தான். ராத்திரி ஈரக்காற்று பட்டு, காலையில் யாராவது வந்து கிளறினால் முடிந்தது.

அப்புறம் கார்பைடு கல். மாம்பழம் பழுக்க வைக்கிற அதே கல்தான், உணவுப் பாதுகாப்பு விதிப்படி அப்படிப் பழுக்க வைப்பது தடை, ஆனால் வெல்டிங் பட்டறைக்கு அது நேர்மையாகவே வரும். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 300 லிட்டர் அசிட்டிலீன். மழை நாளில் டிரம் பக்கத்தில் பூண்டு வாடை அடித்தால் உள்ளே ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த டிரம்மைச் சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டித் திறப்பவரைப் பார்த்திருக்கிறேன், ஒரு பொறி போதும் என்று சொன்னால், “முப்பது வருஷமா இப்படித்தான் திறக்கிறேன்” என்பார். உங்கள் அப்பாவின் சைக்கிள் கதை அதைத்தான் ஞாபகப்படுத்தியது, தப்பாக நினைக்காதீர்கள். கார்பைடுக்குத் தனியாக 1987ஆம் வருஷத்து விதியே இருக்கிறது, அளவுக்கு மேல் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும்.

மாசிவீதிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கல்லூரிக்குப் போன் போட்டேன். அக்கா சொன்னதுதான், பழைய இண்டெண்டைக் காப்பி அடித்திருக்கிறார்கள். துறைத் தலைவர் சிரித்துக்கொண்டே ஒரு பாட்டில் போதும் என்றார். நாங்கள் சரக்கு எடுக்கிற மொத்த வியாபாரிக்கு இந்த மாதிரிச் சரக்குக்கென்றே லைசென்ஸ் உள்ள வண்டி இருக்கிறதாம், அடுத்த வாரம் தேனி வழியாகப் போகும்போது நேராக இறக்கிவிடுவதாகச் சொன்னார்கள். எனக்கு வர வேண்டிய லாபத்தில் பாதி வாடகையாகப் போகிறது. மீதி மூன்று பாட்டிலையும் அவர்களே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். புக்கிங்காரர் இன்னும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார், “என்னண்ணே அனுப்பலையா” என்று.

பழைய பாட்டிலுக்கு வருகிறேன். லேபிள் உரிந்துபோய்விட்டது. பழுப்புக் கண்ணாடி என்பதால் உள்ளே நிறம் சரியாகத் தெரியவில்லை. பழைய கொள்முதல் நோட்டைத் தேடிப் பார்த்தேன். 2011இல் ‘பொட்டாசியம் 100 கிராம்’ என்று அப்பா கையெழுத்தில் ஒரு வரி. விற்றதாக எங்கும் வரவு இல்லை.

லேப் அக்கா:

தொடாதீர்கள். மூடியைத் திருகாதீர்கள், குலுக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றவே ஊற்றாதீர்கள். சோடியம் என்றால் மேலே வெள்ளையாகப் பொருக்குக் கட்டும், துறையில் தெரிந்தவர்கள் எண்ணெய் விட்டுச் சமாளிக்கலாம். பொட்டாசியம் காற்றுப் பட்டுப் பழசானால் மஞ்சளாக, ஆரஞ்சாக ஒரு பொருக்கு வரும், அது சூப்பராக்சைடு, ஆக்சிஜனை அதிகமாகப் பிடித்து வைத்திருக்கிற சேர்மம். அதுவும் கீழே உள்ள உலோகமும் எண்ணெயும் சேர்ந்து, மூடியைத் திருகுகிற அதிர்ச்சியிலோ கத்தி வைத்து வெட்டும்போதோ வெடித்திருக்கிறது. தண்ணீரே தேவையில்லை.

எங்கள் பேராசிரியரிடம் பேசிவிட்டேன், சனிக்கிழமை காலையில் வந்து பார்க்கிறார். அவரும் திறக்கப் போவதில்லை, என்ன நிலைமை என்று பார்த்துவிட்டு அபாயக் கழிவு எடுக்கிறவர்களிடம் சொல்ல ஏற்பாடு செய்வார். அதுவரை அந்த அலமாரிப் பக்கம் யாரும் போக வேண்டாம். கூரை ஒழுகுமா?

பழைய ஃபயர்மேன்:

பக்கத்து ஃபயர் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் தம்பி. பொட்டாசியம் என்று பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: உள்ளே தண்ணீர் ஊற்றாதே, கீழே உங்கள் போன் நம்பர். ராத்திரி ஏதாவது ஆனால் சந்துக்காரர்கள்தான் முதலில் வருவார்கள்.

மாசிவீதிக்காரன்:

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தாளும் ஒட்டியாயிற்று, பக்கத்து பைண்டிங் கடைக்காரர் படித்துவிட்டு இரண்டு நாளாக என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். கூரை ஒழுகாது அக்கா, ஆனால் அந்த அலமாரியின் மேல்தட்டில்தான் இத்தனை வருஷமாக இருபது லிட்டர் வாட்டர் கேன் இருந்திருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை. அலமாரியைத் தொட்டு அசைக்காமல் அவரே கேனை மெதுவாகத் தூக்கி வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கடையில் இருப்பேன். சார் சந்துமுனைக்கு வந்ததும் போன் பண்ணச் சொல்லுங்கள், வண்டி உள்ளே வராது.